கிட் ஹூக் என் மெஷினில் மட்டும்தான் ஓடுகிறது, டீம் முழுக்க எப்படிக் கொண்டுவருவது?

காட்பாடி_கீபோர்டு:
வணக்கம். காட்பாடியில் ஆறு பேர் கொண்ட சின்ன டீம் எங்களுடையது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம், எல்லாம் ஜாங்கோ என்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கில். போன வாரம் கிட்டில் இரண்டு பேர் மாற்றங்களைச் சேர்க்கும் ஒரு மெர்ஜில் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இருவரும் மாற்றிய மோதல்) வந்தது, சரிசெய்தவர் கிட் போட்டுவைத்த குறிகளை எடுக்காமலே கமிட் செய்துவிட்டார். பைத்தான் ஃபைலாக இருந்திருந்தால் அப்போதே எரர் வந்திருக்கும், ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட் என்பதால் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை லாரி லோடு ஏற்றி நிற்கிறது, டெலிவரி சலானில் சதுர அடிக் கணக்குக்கு மேலே வரிசையாக ஏழு "<" குறி, பக்கத்தில் ஹெட் என்று ஒரு சொல், கீழே அதே தோல் இரண்டு தடவை. ஸ்டோர்காரர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வயிற்றைக் கலக்கிவிட்டது.

அன்றைக்கே, ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டான ப்ரீ-கமிட் ஹூக் ஒன்று எழுதி எல்லா டெஸ்ட்டும் ஓடும்படி வைத்தேன், நான்கு நிமிஷம் ஆகிறது. புஷ் செய்தும் மற்றவர்களுக்கு அது போகவில்லை. கையால் காப்பி செய்து கொடுத்த இரண்டு பேரும் ஹூக்கை ஓடவிடாமல் செய்யும் நோ-வெரிஃபை ஆப்ஷனைப் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பாலாறு:
போகாது. உங்கள் ஹூக் இருக்கும் டாட்-கிட் ஃபோல்டருக்குள் உள்ளது எதுவும் ரெப்போவில் (டீம் பகிரும் கோட் தொகுப்பில்) சேராது, அது வேண்டுமென்றே அப்படி வைத்ததுதான். குளோன் செய்த உடனே யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் நம் மெஷினில் தானாக ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ரெப்போவிலேயே ஹூக்குக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, கோர் டாட் ஹூக்ஸ்பாத் என்ற கான்ஃபிக்கில் அதைக் காட்டிவிடுங்கள், 2016-இல் வந்த 2.9 வெர்ஷனிலிருந்து இது இருக்கிறது. ஆளுக்கு ஒரு தடவை அந்த கமாண்டை ஓட்டினால் போதும், அப்புறம் புல் செய்யும்போது ஹூக்கும் கூடவே வரும். லினக்ஸில் எக்ஸிக்யூட் பெர்மிஷன் இல்லையென்றால் கிட் ஒரு குறிப்பு மட்டும் காட்டிவிட்டு ஹூக்கை விட்டுவிடும், கமிட் நடந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை_டெவ்:
உங்கள் உண்மையான பிரச்சினை அந்த நான்கு நிமிஷம். ஒவ்வொரு கமிட்டுக்கும் அவ்வளவு நேரம் நிற்கச் சொன்னால் யாராக இருந்தாலும் தாண்டத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு வந்த தவறைப் பிடிக்க டெஸ்ட்டே தேவையில்லை. கிட் டிஃப்-இல் கேஷ்ட், செக் என்ற இரண்டு ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டால் ஸ்டேஜ் செய்த (கமிட்டுக்காக ஆட் செய்து வைத்த) மாற்றத்தில் கான்ஃப்ளிக்ட் குறி இருக்கிறதா, வரிக் கடைசியில் வெறும் ஸ்பேஸ் இருக்கிறதா என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். இதே செக் டாட்-கிட்டுக்குள் இருக்கும் ப்ரீ-கமிட் சாம்பிள் ஃபைலிலேயே இருக்கிறது, நாம்தான் திறந்து பார்ப்பதில்லை! கான்ஃப்ளிக்டைச் சரிசெய்து கமிட் கொடுக்கும்போது ப்ரீ-கமிட் ஓடும், அதனால் அங்கேயே மாட்டியிருக்கும்.

லின்ட் (கோடை ஓட்டாமலே தவறு தேடுவது) வேண்டுமானால் ஸ்டேஜ் செய்த ஃபைல்களுக்கு மட்டும் வையுங்கள், டெஸ்ட்டை, புஷ்ஷுக்கு முன் ஓடும் ப்ரீ-புஷ் ஹூக்குக்கு மாற்றுங்கள். இன்னொன்று, டெஸ்ட் ஓடுவது டிஸ்கில் இருக்கும் ஃபைல் மேல், ஸ்டேஜ் செய்ததன் மேல் அல்ல. பாதி மட்டும் ஆட் செய்திருந்தால் இங்கே பாஸ் ஆகி அங்கே உடையும், இதில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

கோட்டை_அகழி:
நோ-வெரிஃபையைத் தடுக்க முடியாது தம்பி, தடுக்கவும் வேண்டாம். கரண்ட் போய் யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போது பாதி வேலையை ஒரு பிராஞ்சில் போட்டு வைக்க அது வேண்டும். கட்டாயம் என்பதை சர்வரில் வையுங்கள். சொந்த சர்வர் என்றால் புஷ்ஷை ஏற்கும் முன் அங்கேயே ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹூக், கிட்ஹப் என்றால் அதன் தானியங்கி வசதியான ஆக்‌ஷன்ஸில் டெஸ்ட் ஓட்டி, பாஸ் ஆகாமல் மெயின் பிராஞ்சில் மெர்ஜ் ஆகாதபடி பிராஞ்ச் புரொடெக்‌ஷன் போடுங்கள். பிரைவேட் ரெப்போவுக்கு இதற்குக் காசு கட்டும் பிளான் வேண்டும்.

காட்பாடி_கீபோர்டு:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஹூக்ஸ்பாத் வைத்தாயிற்று, ப்ரீ-கமிட் இப்போது ஒரு நொடிகூட எடுப்பதில்லை. ஆம்பூரிலிருந்து வேலை செய்பவர் ஹூக்கை விண்டோஸில் திறந்து சேவ் செய்துவிட்டார், அதிலிருந்து என் உபுண்டுவில் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எரர் வருகிறது. பெர்மிஷன் சரியாகத்தான் இருக்கிறது.

பாலாறு:
வரி முடிவில் லினக்ஸின் எல்எஃப் குறிக்குப் பதில் விண்டோஸ் போடும் சிஆர்எல்எஃப் ஏறியிருக்கும், முதல் வரியில் ஷெல் பெயரோடு அதுவும் ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயரில் ஷெல்லைத் தேடிக் கிடைக்காமல் அப்படிச் சொல்கிறது. கிட்-ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் அந்த ஃபோல்டருக்கு எல்எஃப் என்று ஒரு வரி போட்டு, ஃபைலை ஒரு தடவை திருத்திக் கமிட் செய்துவிடுங்கள்.