கழித்தல் குறி விட்டுப்போன காலை: உங்களுக்கும் நடந்ததா?

வாடைக்காற்று, தங்கச்சிமடம்:
நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் நாட்டுப்படகு நண்டுக்கு நல்ல விலை. விடியற்காலை எடை போட்டுக் கணினியில் உள்ளிட்ட தாளை எட்டு மணிக்குத் திறந்தால், முந்தின நாள் தாள்தான் வருகிறது. கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையில் ‘எம்டைம் 1’ என்று கொடுத்தேன். எம்டைம் என்றால் கோப்பு கடைசியாக மாறிய நேரம். ஒரு நாளுக்குள் மாறியவை என்றே அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். முந்தின நாள் விடியற்காலைக் கோப்புகள் நாலைந்து வந்தன, அன்றையது இல்லை. அழிந்துவிட்டது என்று முடிவு கட்டி, எல்லோரிடமும் துண்டுச் சீட்டை வாங்கிக் கணக்குப் போட்டோம்.

ஓர் அக்காவின் சீட்டு மடியில் நனைந்து மை கரைந்திருந்தது. முதல் இலக்கமான 1 மட்டும் தெரிந்தது. “பதினொன்றே முக்கால் கிலோ, தம்பி” என்றார். முதலாளி பத்து என்று போடச் சொன்னார். போட்டேன். அக்கா ஒன்றும் பேசாமல் அந்த ஈரச் சீட்டை நான்காக மடித்து மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

மாலையில் 1-க்கு முன்னால் கழித்தல் குறி போட்டுத் தேடினேன். வேறோர் அடைவிலிருந்து (ஃபோல்டரிலிருந்து) கோப்பு வந்தது. 11.750. மறுநாள் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். அவர் சீட்டை மடித்த விதம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சங்குமாலை, தொண்டி:
எனக்கு 2018 கஜா புயல். நவம்பர் 15 இரவு, என் போட்டோ ஸ்டூடியோவின் ஓட்டுக் கூரை தாங்குமோ என்ற பயத்தில் எல்லாப் படங்களையும் வெளி வட்டுக்கு நகல் எடுத்தேன். நகல் எடுக்கும் சிபி கட்டளைதான், கோப்பின் பழைய நேரத்தை அப்படியே காக்கும் ‘பி’யைச் சேர்க்கவில்லை. புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்து போயிற்று. எங்கள் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நகல்தான் இருக்கிறதே என்று பழைய வட்டை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டார், கடைசியாகத் திருத்திய ஆல்பத்தைக் கேட்டு வந்தார்கள். பட்டியலை நேரப்படி அடுக்கினேன். மேலிருந்து கீழ்வரை எல்லாமே நவம்பர் 15, இரவு. ஒரே ஆல்பத்தின் ஏழு திருத்தங்கள், ஏழுக்கும் ஒரே மணி. மணப்பெண்ணின் தாயார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். நான்காவதில் அவர் அழ ஆரம்பித்தார். அதில் இருந்த பாட்டி அதற்குள் இறந்துபோயிருந்தார்.

பாறைக்கரை, மண்டபம்:
வாடைக்காற்று சொன்னதில் ஒரு திருத்தம். கழித்தல் குறி போட்டாலும் அது ‘இன்று’ ஆகாது. கட்டளை கொடுத்த நொடியிலிருந்து பின்னோக்கி 24 மணி நேரம். குறியில்லாத 1 என்றால் 24-க்கும் 48-க்கும் இடைப்பட்டது. கூட்டல் குறி போட்டால் 48 மணி நேரமும் அதற்கு முன்பும். நாளின் பின்னத்தை அது வெட்டிவிடுகிறது, ஒன்றரை நாளையும் 1 என்றே எடுக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம். நள்ளிரவிலிருந்து எண்ண வேண்டுமானால் ‘டேஸ்டார்ட்’ என்பதை எம்டைமுக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் பயனில்லை. நிமிடக் கணக்குக்கு ‘எம்மின்’ இருக்கிறது.

என் கதை சிறியது. ஐஸ் கம்பெனியில் வெப்பநிலையைப் பதிய ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றை வைத்திருந்தோம். மின்சாரம் போய் வந்தால், பேட்டரிக் கடிகாரம் இல்லாத அந்தப் பலகை கடைசியாகச் சேமித்த நேரத்திலேயே எழுந்திருக்கும். இணையமும் இல்லாத இரவில் எழுதிய கோப்புகளில் எல்லாம் பழைய நேரம். தேடினால் ஒன்றுமே வராது.

அதனால் மணியை நம்பாதீர்கள். காலையில் கடை திறந்ததும் ‘டச்’ கொடுத்து ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்குங்கள். பிறகு ஃபைண்டில் ‘நியூவர்’ என்று அதன் பெயரைக் கொடுத்தால், அதற்குப் பின் மாறியவை மட்டும் வரும். நடுவில் கடிகாரம் பின்னால் போனால் இதுவும் காப்பாற்றாது. அதற்குப் பேட்டரிக் கடிகாரம் வாங்கிப் பொருத்துவதுதான் வழி. சங்குமாலை, ‘சிடைம்’ பார்த்திருக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கோப்பு உருவான நேரமன்று, கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரம். யார் திறக்கலாம் என்ற அனுமதி மாறினாலே மாறிவிடும். நகலிலோ நகல் எடுத்த நேரம்தான் இருக்கும்.

உப்புக்காற்று, சாயல்குடி:
பாறைக்கரை சொல்வது கோப்பு முறைமைக்குச் சரி. ஆனால் பல திருத்தும் மென்பொருள்கள் படத்துக்குள்ளேயே சேமித்த நேரத்தை எழுதி வைக்கின்றன. நகல் எடுத்தாலும் அது மாறாது. அந்தத் தாயாரை ஏழையும் பார்க்க வைத்திருக்க வேண்டியதில்லை.

சங்குமாலை, தொண்டி:
பார்க்க வைத்ததற்கு நான் வருந்தவில்லை. நான்காவதையே பெரிதாக அச்சிட்டு வாங்கிப்போனார்.

வாடைக்காற்று, தங்கச்சிமடம்:
பாறைக்கரை அண்ணன், கட்டளை இப்போது எனக்கு மனப்பாடம். நான் எழுத வந்தது, பத்து என்று போட்டதைப் பற்றி.

இன்று காலை டச் கொடுத்துவிட்டுத்தான் எடைக்கு உட்கார்ந்தேன். அந்த அக்கா வந்திருந்தார். 9.300. உள்ளிட்டதும், கோப்பின் பெயரும் நேரமும் தெரியும்படி திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. தராசில் எரிந்த எண்ணை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டு, சீட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.