டேபிள் மாறச் சொல்றாங்க, சிப்ஸ் முழுசையும் கொண்டுபோகணுமா?

புதுவரவு: வணக்கம், இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இப்ப ஒரு போக்கர் ரூம்ல உக்காந்திருக்கேன், ஹோல்டம் கேஷ் கேம், அதாவது நிஜக் காசுக்கான சிப்ஸ் வெச்சு ஆடுறது. 100 பிக் பிளைண்டோட (சீட்டு போடறதுக்கு முன்னாடி முறைவெச்சு கட்டாயமா வைக்கற பெரிய பந்தயம், அதை அளவா வெச்சு) ஆரம்பிச்சேன், இப்ப முன்னாடி 260 இருக்கு. வேற டேபிளுக்கு மாறணும். 100-ஐ மட்டும் எடுத்துட்டுப் போய் மிச்சத்தைக் கவுன்டர்ல மாத்திக்கறேன்னு சொன்னா, ஃப்ளோர்ல இருக்கறவர் (ரூமை மேற்பார்வை பாக்கறவர்) முடியாதுங்கறார். முழுசையும் கொண்டு போ, இல்லைன்னா ஆட்டத்தை விட்டுப் போங்கறார். இது என் காசுதானே? வாதாடலாமா? சீக்கிரம் யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நாலாம் சீட்: வாதாடாதீங்க. ரூமுக்குள்ள ஃப்ளோர் சொல்றதுதான் முடிவு, இங்க அவர் சொல்றது சரியும்கூட. டேபிள்ல வெச்ச சிப்ஸ், நீங்க ஆட்டத்தை விட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் டேபிள்லதான் இருக்கணும். உங்ககிட்ட தோத்தவங்களுக்கு அதைத் திருப்பி ஜெயிக்க வழி இருக்கணும், அதுக்காகத்தான் இந்த விதி. ஒரே பிளைண்ட், ஒரே ஆட்டம் ஓடுற டேபிளெல்லாம் சேர்த்து ஒரே ஆட்டமாத்தான் கணக்கு. இல்லைன்னா ஜெயிச்ச ஆளெல்லாம் டேபிள் மாறி மாறியே லாபத்தை ஒதுக்கிடுவாங்க. கேஷ் அவுட் பண்ணிட்டு, அதாவது சிப்ஸைக் காசாக்கி எழுந்துட்டு, உடனே 100-ஓட திரும்பி வர்றதும் நடக்காது. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா எடுத்துட்டுப் போன 260-ஓடதான் உக்காரணும், சில ரூம்ல அந்த நேரம் இன்னும் அதிகம். ஒரு சிப்பைக்கூட பாக்கெட்ல போடாதீங்க, பார்த்தாங்கன்னா நேரா ஃப்ளோரைக் கூப்பிடுவாங்க.

கருவேலம்: தம்பி, நீங்க கேக்காததை ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புது நாட்டுல முதல் சில மாசம் ரொம்ப நெருக்கடியான காலம். வீட்டு அட்வான்ஸ், சம்பளம் தள்ளிப் போனா சாப்பாட்டுக்கு, அவசரத்துக்கு ஊருக்கு டிக்கெட், இந்தப் பணமெல்லாம் தனிக் கணக்குல இருக்கணும். அந்தக் கார்டு போக்கர் ரூமுக்கு வரவே கூடாது. இன்னொண்ணு, ஆங்கிலம் பேசுற நாடுன்னா பெரும்பாலான ரூம்ல ஹேண்ட் (சீட்டு போட்டு ஆடுற ஒரு சுத்து) ஓடும்போது டேபிள்ல ஆங்கிலம் மட்டும்தான். பக்கத்துல நம்ம ஆள் இருந்தா "என்னடா பண்ற"ன்னு தமிழ் தானா வாயில வந்துடும். நீங்க சாதாரணமாத்தான் கேட்டிருப்பீங்க, ஆனா மத்தவங்களுக்குச் சீட்டைச் சொல்லிக்கற மாதிரித்தான் கேக்கும். முதல்ல எச்சரிப்பாங்க, அப்புறம் எழுப்பி விடுவாங்க.

மழைக்கோடு: நாலாம் சீட் அண்ணே, எல்லா ரூமுக்கும் அப்படிச் சொல்லிட முடியாது. நாமளா கேட்டு மாறும்போது, புது டேபிள்ல அதிகபட்ச பை-இன் (உக்காரும்போது கொண்டு வர்ற சிப்ஸ்) 200-ன்னா, 200-ஓட வந்தா போதும்னு விடுற ரூம் இருக்கு. மிச்சம் 60 கவுன்டருக்குப் போகலாம். அப்புறம், பிளைண்ட் பெருசா இருக்கற டேபிளுக்கோ சின்ன டேபிளுக்கோ போனா அது வேற ஆட்டம், எவ்வளவு எடுத்துட்டுப் போறதுங்கறது நம்ம இஷ்டம். தம்பி இது எதையுமே சொல்லல.

நாலாம் சீட்: வேற பிளைண்ட்னா ஒத்துக்கறேன். அதே பிளைண்ட்னா 200-ஓட விடுறது விதிவிலக்குதான். அதை நம்பி எழுந்திரிக்கக் கூடாது, முதல்ல கேட்டுக்கணும்.

ராத்திரி ஷிப்ட்: டேபிள் மாத்தறதே பெரிய எரிச்சல். எதிர்ல இருக்கற எட்டு பேரும் எப்படி ஆடுறாங்கன்னு பார்த்து வெச்சிருப்போம், அப்பதான் பேரைக் கூப்பிடுவாங்க. போற டேபிள்ல மூணு சீட்ல சிப்ஸ் மட்டும் உக்காந்திருக்கும், ஆள் சாப்பிடப் போயிருப்பாங்க. ஆறு பேர் ஆடினாலும் ரேக்கை (ஜெயிக்கற காசுல ரூம் எடுக்கற பங்கு) குறைக்க மாட்டாங்க.

கருவேலம்: உண்மை. ரேக்குக்குப் பதிலா அரை மணிக்கு ஒரு தடவை நேரக் கட்டணம் வாங்குற ரூம்ல, பழைய டேபிள்ல கட்டின கையோட புது டேபிள்லயும் கேப்பாங்க. "இப்பத்தான் கட்டினேன்"னு டீலர்கிட்ட உடனே சொல்லிடுங்க, பழைய டேபிள்ல விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க.

புதுவரவு: நானா கேட்டு மாறல. மெயின் கேம்ல சீட் காலி, உன் முறைன்னு கூப்பிட்டாங்க. பிளைண்ட் அதேதான். அந்த டேபிள்ல என் ஃப்ரெண்டும் இருக்கான். போனதும் பிளைண்ட் கட்டணுமா?

ஒன்பது பேர்: அப்ப இது மஸ்ட் மூவ், அதாவது மெயின் கேம்ல சீட் காலியானா கூப்பிட்டதும் மாறியே ஆகணும். 260-ம் உங்களோட போகணும், அங்க அதிகபட்சம் 200-னு எழுதியிருந்தாலும் சரி. மாட்டேன்னா ஆட்டத்தை விட்டு எழுந்திரிக்கணும், திரும்ப வந்தா காத்திருக்கறவங்க லிஸ்ட்ல கடைசி.

கையில சீட்டு இருக்கும்போது சிப்ஸை அடுக்க ஆரம்பிக்காதீங்க. அந்த ஹேண்ட் முடியட்டும். பிக் பிளைண்ட் உங்ககிட்ட வர்ற வரைக்கும் ஆடிட்டுப் போக விடுவாங்களான்னு கேளுங்க, சில ரூம்ல விடுவாங்க. அப்புறம் ட்ரே கேளுங்க. ஒரு ட்ரேல 100 சிப்ஸ், 20 வீதம் 5 வரிசை. ட்ரேயை எல்லாரும் பாக்கற மாதிரி கையில பிடிச்சுட்டு நேரா புது டேபிளுக்குப் போங்க, வழியில கவுன்டர் பக்கம் ஒதுங்காதீங்க. உக்காந்ததும் சிப்ஸை வெளிய எடுத்து 20, 20-ஆ அடுக்கிட்டு ட்ரேயைத் திருப்பிக் குடுத்துடுங்க. ட்ரேல வெச்சபடியே ஆடக் கூடாது. பெரிய மதிப்புள்ள சிப்ஸ் முன்னாடி இருக்கணும், பின்னால மறைஞ்சிருந்தா எதிராளி உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு தப்பாக் கணிப்பார், தகராறு அங்கதான் வரும்.

பிளைண்ட் விஷயம் ரூமுக்கு ரூம் மாறும். மஸ்ட் மூவ்ல வர்றவரைச் சும்மாவே ஆட விடுற ரூம் உண்டு. இல்லைன்னா ரெண்டு வழி: ஒரு பிக் பிளைண்டைப் போட்டு உடனே ஆடலாம், இல்லை பிக் பிளைண்ட் கட்டுற முறை உங்களுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். போடுற காசு உங்க பெட்டாவே கணக்காகும், வீணாகாது. சீட் பிக் பிளைண்டுக்கு அடுத்ததா இருந்தா காத்திருங்க, அடுத்த ஹேண்டே உங்க பிளைண்ட். பட்டனுக்கு (ஒவ்வொரு ஹேண்டுக்கும் ஒரு சீட் நகர்ற, டீலர் இடத்தைக் காட்டுற வட்டு) வலது பக்கம்னா போட்டுடுங்க. ஒன்பது பேர் டேபிள்ல அப்படிப் போட்டா பிளைண்ட் வர்றதுக்கு முன்னாடி ஆறு ஹேண்ட் கிடைக்கும், முதல் ஹேண்டே நல்ல பொசிஷன், மத்தவங்க பலர் ஆடறதைப் பார்த்துட்டு ஆடலாம். பட்டனுக்கும் ஸ்மால் பிளைண்டுக்கும் (பிக் பிளைண்டுக்கு முந்தின சீட் வைக்கற சின்னப் பந்தயம்) நடுவுல சீட் கிடைச்சா பட்டன் தாண்டற வரைக்கும் சீட்டு போட மாட்டாங்க, கேட்டுப் பிரயோஜனமில்ல.

ஃப்ரெண்டுக்கு ஒரு ஹலோ போதும். ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பாக்கறது, சிப்ஸ் கைமாத்தறது, ஃப்ரெண்டுன்னு பெட் பண்ணாம விட்டுக்குடுக்கறது, மூணுமே கூடாது. அவனுக்கு சிப்ஸ் தீந்தா அவன் காசுல அவனே வாங்கிக்கட்டும்.

நாலாம் சீட்: 260-ஐ வெச்சு ஆடத் தயக்கமா இருந்தா கேஷ் அவுட் பண்ணிடுங்க, யாரும் தடுக்க முடியாது. கவுன்டருக்குப் போறதுக்கு முன்னாடி "எத்தனை மணி நேரம் கழிச்சு 100-ஓட வரலாம்"னு ஃப்ளோர்ல கேட்டுட்டுப் போங்க. அந்த நேரம் முடிஞ்சு வந்ததும் லிஸ்ட்ல பேரைப் புதுசாக் குடுக்கணும், பழைய இடம் இருக்காது.