சென்னை பெரியமேடு பக்கம் நல்ல தோல் ஷூ: கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். 2,500 ரூபாய்க்குள் கருப்பு டெர்பி ஷூ (லேஸ் கட்டும் ஃபார்மல் வகை) தேவை. யூகே 8, அகலப் பாதம். வெளிநாட்டு பிராண்டுகள் பலவற்றுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டையில்தான் ஷூ தைக்கிறார்கள். பெயருக்காக அஞ்சு மடங்கு விலை கொடுக்க மனசு வரவில்லை. லோகோ ஒட்டிய போலியும் வேண்டாம்.

மேல்தோல் ஃபுல் கிரெயினாக, அதாவது தேய்த்து எடுக்காத தோலின் மேலடுக்காக, இருக்கணும். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும், வெட்டு விளிம்பில் நார் தெரியும். துணி தெரிந்தால் அது ரெக்சின். 'ஜெனுயின் லெதர்' முத்திரையை மட்டும் நம்ப முடியாது. ஸ்பிளிட் தோலின்மேல் (தோலின் கீழடுக்கு) பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியதும் அதே பெயரில்தான் வருகிறது. விரல் மடங்கும் இடத்தில் சீக்கிரமே வெடித்துவிடும்.

சோல்தான் பெரிய கவலை. ஏற்றுமதியில் மிஞ்சிய ஸ்டாக் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் என்றால் வேண்டவே வேண்டாம். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு, போடாமல் பெட்டியில் கிடந்தாலே சில வருடத்தில் பொடியாக உதிரும். ராயபுரம், தண்டையார்பேட்டை போல கடலோரம் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். டிபிஆர் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) அல்லது ரப்பர் சோல், பசையோடு தையலும் போட்டது வேண்டும். அடியிலோ இன்சோலைத் தூக்கினாலோ நூல் தெரியணும். இல்லையென்றால் ஓரத் தையல் வெறும் அலங்காரம்.

சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் பாத அளவெடுத்துச் செய்து தருபவர் இருக்கிறாரா? கூலி எவ்வளவு, எத்தனை நாள் ஆகும்? மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவெடுப்பாரா? பெரம்பூர், வியாசர்பாடியில் சோல் மாற்றித் தருபவர் தெரிந்தாலும் சொல்லுங்க.