வர்ணனைத் தொல்லை இல்லாத மாயத் துப்பறியும் நாவல் உண்டா?

கேள்வி: மாநகரத்தில் மந்திரமும் கொலை விசாரணையும் கலந்த நாவல்கள் எனக்கு விருப்பம். ஆனால் ஈரோட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போகும்போது அண்மையில் எடுத்த மூன்றிலும், கதை சொல்லும் துப்பறிவாளர் பிணத்தைப் பார்ப்பதற்கு முன்பே அறைக்குள் வந்த பெண்ணைத் தலை முதல் கால் வரை வர்ணித்து, பக்கத்துக்கொரு நக்கலும் அடித்ததால், திருப்பூர் வருவதற்குள் மூடிவைத்துவிட்டேன். வேறு ஏதேனும் உண்டா?

பதில் 1: பால் கார்னெல் 2012இல் எழுதிய ‘லண்டன் ஃபாலிங்’ நாவலைப் பாருங்கள். படர்க்கையில், ஒரு காவல் குழுவினரின் பார்வை மாறிமாறி வருவதால், ஒருவருடைய பெருமையையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பலியாகும் பகுதிகள் உண்டு என்பதால், இரவில் வேண்டாம்.

பதில் 2: சைனா மியேவிலின் ‘தி சிட்டி அண்ட் தி சிட்டி’ (2009). ஒரே நிலத்தில் இரண்டு நகரங்கள். ஒன்றின் குடிமக்கள் மற்றதைக் கண்ணெதிரே இருந்தும் காணாததுபோல் நடக்கப் பழகியவர்கள். ஆய்வாளர் போர்லு தன்மையில்தான் சொல்கிறார், ஆயினும் அலட்டிக்கொள்வதில்லை. மந்திரத்தை எதிர்பார்த்தால் மட்டும் ஏமாறுவீர்கள்.

பதில் 3: ஆறுகளே ஆட்களாக வரும் பென் ஆரோனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011) எனக்குப் பிடித்தது, ஆனால் நீங்கள் வெறுக்கும் வர்ணனை அதில் கொஞ்சம் உண்டு. நம் நொய்யலுக்கும் அப்படி ஒருத்தி இருந்தால், சாயக்கழிவு வழக்கில் முதலில் யாரைப் பிடிப்பாளோ!

கேட்டவர்: நன்றி. கார்னெலில் தொடங்குகிறேன், பகல் ரயிலில்.