நழுவுகணை: 'ஹைப்பர்சோனிக் கிளைடு வெஹிக்கிள்' என்பதற்கு என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ராக்கெட்டில் ஏறிக் காற்றில் வழுக்கிப் போகும் சீனாவின் டிஎஃப்-17 ஏவுகணை வகையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பதில்கள் வந்திருக்கின்றன. 'அதிவேக ஏவுகணை' என்கிறார் ஒருவர். 'அதிமீயொலிச் சறுக்கு ஊர்தி' என்கிறார் இன்னொருவர். ஹைப்பர்சோனிக் ஏவுகணை என்றே விட்டுவிடலாம் என்பது மூன்றாவது. மூன்றிலும் வேகம்தான் முன்னால் நிற்கிறது. இந்த ஆயுதத்துக்குப் பெயரை அதன் வேகத்திலிருந்து எடுக்கக் கூடாது, அது போகும் பாதையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒலியைப்போல் ஐந்து மடங்கு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 6,000 கி.மீ., என்பதுதான் ஹைப்பர்சோனிக் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 1950களின் கடைசியிலேயே அந்த எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டன. ஒலியைப்போல் இருபது மடங்கு என்பது அவற்றுக்குச் சாதாரணம். வேகத்தைப் பெயராக வைத்தால் அந்தப் பழைய ஏவுகணையும், 2019 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் முதன்முதலாகக் காட்டிய டிஎஃப்-17உம் ஒரே கூடைக்குள் போய்விடும். இன்னொரு பக்கம் பிரமோஸ் இருக்கிறது. அது ஒலியைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. 2024 ஏப்ரலில் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதையும் அதிவேக ஏவுகணை என்று தாராளமாக எழுதலாம், தவறில்லை. அப்புறம் வேறுபாட்டை எங்கே போய்க் காட்டுவது?

சரி, புதிதாக என்னதான் இருக்கிறது? பாலிஸ்டிக் ஏவுகணை எறிந்த கல் மாதிரி. ராக்கெட் எரிந்து முடிந்தபின் வளிமண்டலத்துக்கு வெளியே பல நூறு கிலோமீட்டர் எழும்பி, ஏற்கெனவே தீர்மானமான வளைவில் இறங்கும். ஏறும்போதே கணக்குப் போட்டு எங்கே விழும் என்று சொல்லிவிடலாம். டிஎஃப்-17இல் ராக்கெட் பாதி வேலையைத்தான் செய்கிறது. முனையில் இருக்கும் தட்டையான கலம் சீக்கிரமே தாழ இறங்கி, மேல்வளிமண்டலத்தின் காற்றிலேயே தூக்குவிசையைப் பெற்று, எஞ்சின் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. போகிற வழியில் இடமோ வலமோ திரும்பும். காற்று உராய்வால் அதன் வேகம் குறைந்துகொண்டேதான் வரும். ஆக, அதன் பலம் வேகத்தில் இல்லை.

பலம் எங்கே என்பதற்கு ஒரு கணக்கு. பூமி உருண்டையாக இருப்பதால், 500 கி.மீ. உயரத்தில் வரும் பொருளைத் தரையில் இருக்கும் ரேடார் 2,500 கி.மீ.க்கும் அப்பாலேயே பார்த்துவிடும். அதுவே 50 கி.மீ. உயரத்தில் வந்தால் 800, 900 கி.மீ. நெருங்கிய பிறகுதான் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டும். எச்சரிக்கை நேரம் பல நிமிடங்கள் குறைந்துபோகிறது. எங்கே விழும் என்பதும் கடைசி வரை உறுதியாகாது.

அண்டை நாடுகளின் நடவடிக்கைகளைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. ஜப்பானின் ஏஜிஸ் போர்க்கப்பல்களில் உள்ள எஸ்எம்-3 என்ற எதிர்ப்பு ஏவுகணை வளிமண்டலத்துக்கு வெளியேதான் இடைமறிக்கும். தரையிலிருந்து ஏவும் பேட்ரியாட் கடைசிக் கட்டத்தில், தாழ்வான உயரத்தில் மறிக்கும். இந்தக் கலம் இரண்டுக்கும் நடுவே புகுந்து வருகிறது. அதனால்தான் அந்த நடுக்கட்டத்திலேயே மறிக்கும் ஏவுகணையைச் சேர்ந்து உருவாக்க 2024 மே மாதம் ஜப்பானும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்தன. தென்கொரியாவின் சொங்ஜூவில் 2017இல் அமெரிக்காவின் தாட் என்ற ஏவுகணை எதிர்ப்பு அமைப்பை நிறுவியபோது சீனா கடுமையாக எதிர்த்ததற்குச் சொன்ன காரணமும் ரேடார்தான்: அது சீன மண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறது என்றார்கள். அந்தச் சண்டையில், தாட் அமைப்புக்கு இடம் கொடுத்த தென்கொரிய லாட்டே நிறுவனத்தின் சீனக் கடைகள் மூடப்பட்டன, கொரியாவுக்குச் சுற்றுலாக் குழுக்கள் போவதும் நின்றது. யார் யாரை எவ்வளவு முன்னால் பார்க்க முடியும் என்பதுதான் அந்தப் பகுதியின் அரசியலில் உண்மையான கேள்வி. 'அதிவேக' என்று நாம் எழுதினால் நம் வாசகருக்கு அந்தக் கேள்வியே போய்ச் சேராது.

மொழி பெயர்க்காமல் விட்டுவிடலாம் என்ற நண்பருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஹைப்பர்சோனிக் என்ற ஆங்கிலச் சொல்லையே 1946இல் ஒரு கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சியன் ஷுவேசன், அப்போது அமெரிக்காவில் இருந்த சீன அறிவியலாளர். ராக்கெட்டில் ஏறிக் காற்றில் வழுக்கி இறங்கும் கலத்தையும் அதே 1940களில் முன்வைத்தவர் அவர். சீனர்கள் இன்றும் அந்தப் பாதைக்கு அவர் பெயரையே சொல்கிறார்கள். கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டு 1955இல் அமெரிக்கா அவரை அனுப்பியது. அவர் போய்ச் சீனாவின் ஏவுகணைத் திட்டத்தைக் கட்டி எழுப்பினார். அந்த வேலைகளுக்கு நடுவே, 1964இல், லேசரைச் சீனர்கள் 'லைசை' என்று ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, 'ஜிகுவாங்' என்ற சொல்லை அவர்தான் பரிந்துரைத்தார். கிளர்ந்த ஒளி என்று பொருள். அது நின்றுவிட்டது, இன்று எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கலைச்சொல் வேலை துறைக்காரர்களுக்கு வெளியே நடக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஜப்பானியரும் தீவுகளைக் காக்கத் தாங்கள் செய்யும் இதே வகை ஆயுதத்தின் பெயரில் ஒலியைக் கொண்டுவரவில்லை. 'கோசொகு கக்கூதான்' என்கிறார்கள். வேகமும் உண்டு, ஆனால் அந்தப் பெயரின் நடுவில் இருப்பது காற்றில் வழுக்கிப் போவது.

இனி நம் சொல். 'சறுக்கு' என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். நம் செய்தித்தாள்களில் சறுக்கல் என்றால் பின்னடைவு. பங்குச்சந்தை சறுக்கும், தேர்தலில் கட்சி சறுக்கும், யானைக்கும் அடி சறுக்கும். 'சீனாவின் சறுக்குகணை' என்று தலைப்பு வந்தால் சோதனை தோற்றதாகத்தான் படிப்பவர் நினைப்பார். 'மீயொலி'யிலும் சிக்கல் உண்டு. மருத்துவத்தில் அல்ட்ராசவுண்டுக்கும் அதே சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

என் பரிந்துரை 'நழுவுகணை'. ஏவுகணை, எறிகணை, உந்துகணை என்ற வரிசையில் வினைத்தொகையாக அப்படியே உட்காருகிறது, வல்லினம் மிகாது. நழுவுதலில் இரண்டும் இருக்கின்றன: உராய்ந்தபடி மெல்ல வழுக்கி இறங்குவது ஒன்று, பிடிக்க வரும் கையிலிருந்து தப்புவது இன்னொன்று. முனையில் இருக்கும் கலத்தை மட்டும் தனியாகச் சொல்ல 'நழுவுகலம்' என்று வைக்கலாம். இந்தப் பிரிவு தேவை. 2014 ஜனவரி முதல் சீனா பறக்கவிட்டுச் சோதித்தது அந்தக் கலத்தை. டிஎஃப்-17 என்பது கலமும் ராக்கெட்டும் சேர்ந்த முழு ஏவுகணை.

பொறுப்பிலிருந்து நழுவுதல் என்ற இழிபொருள் வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றும் நாம்தானே சொல்கிறோம்? கணை என்ற சொல் பக்கத்தில் வந்ததும் பொருள் தெளிந்துவிடும். ஈழத்தில் எறிகணையும் பல்குழல் பீரங்கியும் எந்த அகராதியையும் பார்க்காத மக்களின் வாயில் புழங்கிய சொற்கள். நீளம் குறைவாகவும் காட்சி தெளிவாகவும் இருந்தால் சொல் நிற்கும் என்று நம்புகிறேன்.

வேகத்தைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில், காற்றியக்கவியல் கட்டுரை போன்றவற்றில், 'அதிமீயொலி' இருந்துவிட்டுப் போகட்டும். சீனர்களும் ஒலியை மிஞ்சிய வேகம் என்ற தங்கள் பழைய சொல்லின் முன்னால் 'உயர்' என்று ஒன்றைச் சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள்.

எஞ்சின் கடைசி வரை ஓடும் ஹைப்பர்சோனிக் குரூஸ் ஏவுகணைக்கு இந்தச் சொல் பொருந்தாது. குரூஸ் வகைக்குப் பொதுவாகச் சீர்வேக ஏவுகணை என்று எழுதுகிறோம். நிலத்தை ஒட்டித் தாழப் பறப்பவற்றுக்குத் 'தவழ்கணை' சரியாக வருமா? உயரத்தில் பறக்கும் குரூஸ் வகைகளும் இருப்பதால் எனக்கு அதில் முழு நிறைவில்லை. கடற்படை, வான்படை அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருந்தால் கருத்துச் சொல்லுங்கள்.