புதுப்பிப்பு: டிஎன் கட்டளையின் மூலக் கோப்பு கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் டிஎன் என்று தட்டினால் கதவுகளுக்கு வரிசை எண் விழுகிறது, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்தக் கட்டளையின் நிரல் இருக்கும் லிஸ்ப் கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நிரல்களை ஏற்றும் ஆப்லோட் பெட்டியின் ஸ்டார்ட்அப் சூட்டில், அதாவது தானாக ஏற வேண்டியவற்றின் பட்டியலில், ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரைபடத்தோடும் தானாக ஏறும் ஏகேட்டாக் லிஸ்ப் கோப்பைத் திறந்தால் அதிலும் நான்கே வரிகள், டிஎன் பற்றிய பேச்சே இல்லை. ஒரு முழு நாள் வீண். கோப்பின் பெயரை வைத்துத் தேடியதுதான் என் முட்டாள்தனம். கட்டளையின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியில் விண்டோஸின் ஃபைண்ட்ஸ்டர் என்ற தேடல் கட்டளையைக் கொண்டு, எல்லாக் கோப்புகளின் உள்ளடக்கத்திலும் கட்டளைப் பெயரைத் தேடினேன். சிக்கியது ஒரு எம்என்எல் கோப்பு, அதாவது மெனுவோடு சேர்ந்து ஏறும் லிஸ்ப் நிரல்! எங்கள் பழைய டூல்பாரின் அமைப்பை வைத்திருக்கும் சியூஐ கோப்பின் பெயரே அதற்கும். அந்த சியூஐ ஏறும்போது, அதே பெயருள்ள எம்என்எல்லும் தானாகவே ஏறிவிடும். அதற்குள் ஒரு ஆட்டோலோட் வரி. கட்டளையை முதல்முறை தட்டும்போதுதான் உண்மையான லிஸ்ப் கோப்பு ஏறும் என்பது அந்த வரியின் ஏற்பாடு.

அந்த லிஸ்ப் கோப்பின் பெயரை, கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் ஃபைண்ட்ஃபைல் என்ற லிஸ்ப் கட்டளைக்குக் கொடுத்ததும் முழுப் பாதையும் வந்தது. சர்வரில் இல்லை, என் கணினியிலேயே ஆட்டோகேட் கோப்புகளைத் தேடும் ஒரு பழைய சப்போர்ட் ஃபோல்டரில்!

நல்லவேளை, விஎல்எக்ஸ் என்ற தொகுத்த வடிவத்தில் கட்டி வைக்கவில்லை. வைத்திருந்தால் கோப்பு கிடைத்தும் படிக்க முடிந்திருக்காது. எண்ணின் முன்னொட்டை மாற்றிவிட்டேன், வேலை செய்கிறது. என் கேள்விக்குப் பதிலாக எம்என்எல்லைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி, அவர் பேச்சை அன்றே கேட்டிருக்கலாம்.