மாங்குளத்தில் 2 அடி கடல்மீன் தொட்டி: தண்ணி, உப்பு, கல்லு எங்கை எடுக்கிறது?

மாங்குளம்_2அடி:

வணக்கம் அண்ணையள், அக்காக்கள். 60 × 45 × 45 சென்ரிமீற்றரில, 8 மில்லிமீற்றர் கண்ணாடியில தொட்டி ஒண்டு ஒட்டி முடிஞ்சுது. மெது முருகை (கல்லாய் இறுகாத பவள உயிர்) கொஞ்சமும் கோமாளிமீன் ஒரு சோடியும் வளர்க்க விருப்பம். நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் இருக்கு, கடல்தண்ணி இதுதான் முதல்தரம். ஆனையிறவு உப்பைக் கிணத்துத் தண்ணியில கரைச்சு விடலாமோ? இல்லாட்டி முல்லைத்தீவில கடல்தண்ணியை அள்ளிக்கொண்டு வரலாமோ? அங்கத்தை மண்ணும் கல்லும் சரிவருமோ? மத்தியானத்தில வீட்டுக்குள்ள 33 பாகை வரும், கரண்டும் இடைக்கிடை நிக்கும். தம்பிக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ.

முல்லைக்கரை:

தம்பி, ஆனையிறவு உப்பு சமையலுக்கு. உப்பளத்தில கடல்தண்ணி வத்தேக்க கல்சியம் முதல்ல ஜிப்சமாய் அடியில படிஞ்சிடும், அதுக்குப் பிறகுதான் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியா மிஞ்சிற கைச்சல் தண்ணியோட போயிடும். கையில வாறது கிட்டத்தட்டத் தனிச் சோடியம் குளோரைட். முருகைக்கு லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கல்சியமும் 1,300 அளவில மக்னீசியமும் வேணும். ஆகவே கடல்மீன் தொட்டிக்கெண்டு செய்த உப்பு வாங்கவேணும், இல்லாட்டி உண்மையான கடல்தண்ணி வேணும்.

கிணத்துத் தண்ணியை விட்டுடுங்கோ. எங்கட பக்கத்துத் தண்ணி கடினம் கூடினது, நைத்திரேற்றும் இருக்கலாம். ஆர்.ஓ. தண்ணி (மென்சவ்வால வடிச்ச தண்ணி) கான் கணக்கில விக்கிற இடத்துக்கு, கரைஞ்சிருக்கிற உப்புச்சத்தை அளக்கிற டி.டி.எஸ். மீற்றரோட போங்கோ. குடிக்க விக்கிற தண்ணியில ருசிக்காகக் கொஞ்சம் உப்புச்சத்தைத் திருப்பிக் கலக்கிறவையும் இருக்கினம். மீற்றர் 10க்குக் கீழ காட்டினால் நேர எடுக்கலாம். 40, 60 எண்டு காட்டினால் வீட்டில மிச்ச உப்புச்சத்தைப் பிடிக்கிற ஒரு டி.ஐ. ரெசின் குழாயுக்குள்ளால விட்டு எடுங்கோ.

20 லீற்றர் தண்ணிக்கு 700 கிராம் உப்போட தொடங்கி, ஒரு சின்ன பம்ப் போட்டு 24 மணித்தியாலம் சுத்தவிட்டு, அளந்து பாத்துக் கூட்டுங்கோ. அநேகமா 720க்கும் 760க்கும் இடையில வந்து நிக்கும். தண்ணிக்குள்ள உப்பைப் போடவேணும், உப்புக்கு மேல தண்ணியை ஊத்தக்கூடாது. ஊத்தினால் அடியில செறிவு கூடிக் கல்சியம் வெள்ளைப் பொடியாய்ப் படியும், அது பிறகு கரையாது. இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு. ரிஃப்ராக்டோமீற்றரை (உப்பளவு பாக்கிற கருவி) வெறும் வடிநீரில பூச்சியம் வைச்சது காணாது, 35இல சரிபாக்கவேணும். தராசில 36.5 கிராம் சாப்பாட்டு உப்பையும் 963.5 கிராம் வடிநீரையும் கரைச்சால் அந்தக் கரைசல் சரியா 35 காட்டவேணும்.

கடல்தண்ணி எண்டால் பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில, கடல் தெளிவாய் இருக்கேக்க, வள்ளத்தில போறவையிட்டச் சொல்லி அலை உடையிற இடத்தைத் தாண்டி எடுப்பியுங்கோ. மாரியில ஆத்துவெள்ளம் கலக்கும். நந்திக்கடல் தண்ணி எந்த மாதத்திலயும் வேண்டாம், மழைக்குச் சப்பெண்டு போயிடும், கோடையில வத்தி உவர்ப்பு ஏறிடும். கானை முகந்து பாருங்கோ. ஒருக்கா மண்ணெண்ணெய் இருந்த கானை எத்தினைதரம் கழுவினாலும் மணம் போகாது, அது தொட்டிக்கு ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்து துணியால வடிச்சு, மூடி, இருட்டில 2 கிழமை வைச்சுப்போட்டு மேல் தண்ணியை மட்டும் எடுங்கோ.

கொக்கிளாய்_கருமணல்:

மண்ணைப் பற்றி நான் சொல்லுறன். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கத்து மண்ணில இல்மனைற் எண்ட கருங்கனிமம் கலந்திருக்கு. கண்ணாடி துடைக்கிற காந்தத்தை அடியில கொண்டுபோனால் கருமணல் மீசை மாதிரி ஒட்டும். அதோட ஒருக்கா இழுத்தால் கண்ணாடியில மேலிருந்து கீழவரைக்கும் கீறல், அது மாறாது. பம்பின்ர காந்தத்திலயும் போய் இறுகும். கடையில அரகோனைற் மணல் (சுண்ணாம்பு மணல்) 8 கிலோ வாங்கி, 2 சென்ரிமீற்றருக்குப் பரப்பினால் காணும்.

கல்லைக் கடலிலயிருந்து எடுக்கவே எடுக்காதேங்கோ. கல்முருகை எல்லாம் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில பாதுகாக்கப்பட்டது. சட்டத்தை விட்டாலும், முருகை செத்துத் தேஞ்ச கரையைக் கடல் அரிக்கிறதைக் காணாத ஆள் எங்கட கரையில இல்லை. தொட்டிக்கெண்டு சுட்டுச் செய்த செராமிக் கல் 8 முதல் 10 கிலோ எடுங்கோ. கல்லை முதல்ல கண்ணாடியில இருத்தி, பிறகு மணலைக் கொட்டுங்கோ. மணலுக்கு மேல கல்லை வைச்சால் கிண்டிற மீன் ஒருநாள் சரிச்சு விழுத்தும்.

மெது முருகை வாங்கேக்கயும் வளர்த்து வெட்டின துண்டோ எண்டு கேட்டு, பற்றுச்சீட்டோட வாங்குங்கோ. சோவாந்தஸ் எண்ட பொத்தான் மாதிரி முருகையைத் தொடேக்கக் கையுறை போடுங்கோ. அது இருந்த கல்லை ஒருநாளும் கொதிக்க வைக்காதேங்கோ, அதிலயுள்ள பாலிடொக்சின் ஆவியோட மூச்சுக்குள்ள போனால் ஆஸ்பத்திரிதான்.

முல்லைக்கரை:

தொட்டியைப் பழக்கிறதையும் (கழிவை உடைக்கிற பக்ரீரியாவைக் கல்லிலயும் மணலிலயும் வளர்க்கிறது) சேர்த்துச் சொல்லுறன், அநேகமான ஆக்கள் பிழைவிடுறது அங்கைதான். கல்லும் மணலும் போக உங்கட தொட்டியில 100 லீற்றர் அளவு நிக்கும். இறாலை அழுகவிடுற முறையில அளவு தெரியாது, மணம் வேற. சுத்தமான அமோனியம் குளோரைட், எங்கட ஆக்கள் நவச்சாரம் எண்டுறது, 6 கிராமை 100 மில்லிலீற்றர் ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு வையுங்கோ. ஈயம் பத்தவைக்கிறவை பாவிக்கிற நவச்சாரம் வேண்டாம், உலோகம் கலந்திருக்கலாம். அதில 10 மில்லிலீற்றர் ஊசியில எடுத்து விட்டால் அமோனியா 2 பி.பி.எம். (லீற்றருக்கு 2 மில்லிகிராம்) வரும். ஓடிற கடல்தொட்டி ஒண்டின்ர ஸ்பொஞ் துண்டு கிடைச்சால் உள்ள போடுங்கோ.

முதல்ல அமோனியா இறங்கும், நைத்திரைற் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். அமோனியா இறங்கினவுடன மீனை விட்டுடாதேங்கோ. 10 மில்லிலீற்றர் விட்டு 24 மணித்தியாலத்தில ரெண்டும் பூச்சியம் காட்டினால்தான் தொட்டி பழகினது. 4 முதல் 6 கிழமை எடுக்கும். இடையில மணலில மண்ணிறப் படை பிடிக்கும், அது டயற்றம் பாசி, தானாய்ப் போகும். அந்த நாளையில லைற் போடத் தேவையில்லை. முடிஞ்சதும் பாதித் தண்ணியை மாத்தி, ஒரு சோடிக் கோமாளிமீனை விட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு முருகை. அதுக்குப் பிறகு கிழமைக்கு 10 லீற்றர் மாத்தினால் ஸ்கிம்மர் (நுரையால அழுக்கெடுக்கிற கருவி) இல்லாமலே ஓட்டலாம்.

மாங்குளம்_2அடி:

நல்லாய் விளங்குது அண்ணை. அந்த வெக்கைக்கும் கரண்டுக்கும்?

பரந்தன்_பம்ப்:

கண்ணாடி மூடியைக் கழட்டிப்போட்டு வலை போடுங்கோ. 12 வோல்ற் கொம்பியூட்டர் ஃபான் ரெண்டு, தண்ணி மட்டத்தில சரிவாய் ஊதிற மாதிரிப் பூட்டினால் 2, 3 பாகை இறங்கும். தொட்டி 27க்குக் கிட்ட நிண்டால் நல்லம். 30க்கு மேல நாள்க்கணக்கில நிண்டால் முருகை வெளிறும்.

ஃபான் போட்டால் ஒரு நாளைக்கு 2, 3 லீற்றர் ஆவியாகும். ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு உள்ள நிக்கும். 3 லீற்றர் குறைஞ்சால் 35 எண்டது 36 ஆகும். 3 நாள் பாக்காமல் விட்டால் 38 தாண்டும். ஆனபடியால் குறைஞ்சதுக்கு உப்புத்தண்ணி விடாதேங்கோ, ஆர்.ஓ. தண்ணிதான். கண்ணாடியில மட்டத்துக்கு ரேப் ஒட்டி வையுங்கோ, உங்கட தொட்டியில 1 சென்ரிமீற்றர் இறங்கினால் 2.7 லீற்றர்.

சுத்துற பம்ப் மணித்தியாலத்துக்கு 1,500 முதல் 2,000 லீற்றர் தள்ளுறது எடுங்கோ, வாயை மேற்பரப்பு நெளியிற மாதிரித் திருப்புங்கோ. கரண்ட் நிண்டால் முதல்ல முடியிறது ஒட்சிசன். கரண்ட் போனவுடன தானாய் ஓடத் தொடங்கிற பற்றரிக் காத்துப் பம்ப் ஒண்டு கட்டாயம். கனிஸ்டர் ஃபில்ரர் (தொட்டிக்கு வெளியில நிக்கிற மூடின ஃபில்ரர்) வாங்காதேங்கோ, மணித்தியாலக் கணக்கில நிண்டால் உள்ளுக்குள்ள பக்ரீரியா மூச்சடைச்சுச் செத்து, கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணி தொட்டிக்குத்தான் வரும். கல்லே உங்கட ஃபில்ரர்.

வயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ ஒருக்கா வளைஞ்சு தொங்கிப் பிறகு மேல போகவேணும், வழியிற உப்புத்தண்ணி வளைவில சொட்டிப்போடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில பூட்டவேண்டாம். மேசையையும் பாருங்கோ தம்பி, நிரப்பினால் 140 கிலோவுக்கு மேல நிக்கும்.